பைத்தான்ல கமாண்ட் ஓட்ட ஓஎஸ்.சிஸ்டம் போதாதா? சும்மா பில்டப்பா?

தக்கலைக்காரன்: ஸ்டுடியோவுல கல்யாண வீடியோவ சுருக்கதுக்கு பைத்தான்ல ஒரு ஸ்கிரிப்ட் வச்சிருக்கேன், உபுண்டு லினக்ஸ் மெஷினு, வெளி புரோகிராம ஓட்டுத ஓஎஸ்.சிஸ்டம்குள்ள, வீடியோவ சுருக்குத எஃப்எஃப்எம்பெக் கமாண்ட அப்படியே ஒட்டி விட்டிருக்கேன், நாலு வருசமா ஓடுது. நேத்து ஒருத்தரு வந்து அது தப்பு, அதே வேலைக்கு பைத்தான்ல இருக்க சப்பிராசஸ் மாடியூல்தான் போடணும்ங்காரு. ஒத்த வரி வேலைக்கு எதுக்கு ஓய் இவ்வளவு பில்டப்பு?

குளச்சல்_பையன்: நாலு வருசம் ஓடுனது ஒங்க ராசி அண்ணே. எங்க கடைக்கு "ஜோசப் & மேரி"ன்னு ஒரு ஃபைல் வந்துச்சு. ஓஎஸ்.சிஸ்டம் நம்ம கமாண்ட ஷெல்லுங்க புரோகிராம்கிட்டதான் வாசிச்சு ஓட்டக் குடுக்கும், அந்த ஷெல்லு & குறியப் பாத்ததும் முன்பாதிய பேக்கிரவுண்டுல தள்ளிட்டு, மேரியை ஒரு கமாண்டுன்னு நெனச்சு தேடப் போயிருக்கு. திரும்பி வந்த நம்பர் 32512. என்ன எழவு நம்பர்னு அரைநாள் கெடந்து மண்டைய ஒடச்சேன், 256ஆல வகுத்தா 127, அப்படி ஒரு கமாண்டே இல்லைன்னு அர்த்தமாக்கும்.

தக்கலைக்காரன்: பேர கோட்டுக்குள்ள போட்டா தீந்துது.

குளச்சல்_பையன்: சிங்கிள் கோட் போட்டா "மேரி'ஸ்"ல ஒடையும், டபுள் கோட் போட்டா டாலர் குறி வந்தா வேரியபிள்னு எடுத்துக்கிடும். சப்பிராசஸ்.ரன்ல கமாண்டயும் ஃபைல் பேரயும் தனித்தனியா லிஸ்டா குடுங்க, ஷெல்லே நடுவுல வராது. ரப்பர் ஷீட்ட நேரா கடையில போட முடியும்போ புரோக்கர் எதுக்கு?

மார்த்தாண்டம்_தேன்: புரோக்கர திட்டாதயும் வோய். நட்சத்திரம் போட்டா எல்லா ஜேபெக்கையும் அள்ளித் தாறதும், பைப் போட்டு ஒரு கமாண்டோட அவுட்புட்ட அடுத்த கமாண்டுக்கு சேக்கதும் அவன்தான். லிஸ்ட்ல நட்சத்திரம் போட்டா அந்த பேர்லயே ஃபைல் இருக்கான்னு தேடும். நான் சப்பிராசஸ்லயும் ஷெல்ல கூப்பிடுத ஷெல்=ட்ரூதான், என் மெஷினு, என் ஃபைலு.

குளச்சல்_பையன்: ஒம்ம ஃபைலா? கஸ்டமர் பென்டிரைவுல இருக்க ஃபைலுக்கு பேரு வச்சது யாரு? பேருக்குள்ள ஒரு செமிகோலனும் ஃபைல அழிக்குத ஆர்எம் கமாண்டும் இருந்தா சோலி முடிஞ்சுது. நட்சத்திரத்துக்கு பைத்தான்லயே குளோப் மாடியூல் கெடக்கு.

தக்கலைக்காரன்: சரின்னு லிஸ்டா மாத்துனேன், சப்பிராசஸ்ல இருக்க பாப்பன் போட்டு, எஃப்எஃப்எம்பெக்கோட எரர பைப்புல பிடிச்சு, முடியுத வர நிக்க வெயிட் குடுத்தேன், சின்ன கிளிப் ஓடுது, மூணு மணிநேர வீடியோ அப்படியே ஒறஞ்சு நிக்கி. ஒம்ம பேச்சக் கேட்டேன் பாரும்!

வடசேரி_அக்கா: தம்பி, லினக்ஸ்ல ஒரு பைப்பு சாதாரணமா 64 கேபிதான் தாங்கும். எஃப்எஃப்எம்பெக் தன் புலம்பல் பூரா எரர் வழியாத்தான் கொட்டும், எடுக்க ஆளில்லாம நெறஞ்சா அது நிக்கும், அது முடியட்டும்னு நீயும் நிப்ப. வெயிட்டுக்குப் பதிலா, பைப்ப வாசிச்சுக்கிட்டே நிக்குத கம்யூனிகேட் போடு, இல்ல ரன்னே போதும், அது தானா வாசிச்சு எடுத்துக்கிடும், 2015ல பைத்தான் 3.5லயே வந்தாச்சு. செக்=ட்ரூ மறக்காத, இல்லன்னா ஃபெயிலானாலும் சத்தமில்லாம அடுத்த வரிக்குப் போயிரும்.

தக்கலைக்காரன்: ரன் போட்டதும் ஓடிருச்சு அக்கா. ஆனா பைப் விஷயத்துல நான் மார்த்தாண்டத்துக்காரர் பக்கம்தான், ரெண்டு கமாண்ட சேக்க ஆறு வரி எழுதச் சொல்லுதது அநியாயம்.

மார்த்தாண்டம்_தேன்: அப்படிச் சொல்லும்!