பாதி மட்டும் மாறிய ஐகான்கள்: எங்கள் அனுபவங்கள்

கானாடுகாத்தானிலிருந்து:

எங்கள் அப்பச்சி வீட்டுப் பராமரிப்புக் கணக்கை லிப்ரே ஆபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில் எழுதி வருகிறார். பழைய கணினி என்பதால் அதில் லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தின் எளிய எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை நிறுவியிருந்தேன். வீட்டின் நடுமுற்றமான வளவை ஒட்டி மேசை கிடப்பதால், மேலிருந்து இறங்கும் வெயிலில் மங்கிய நிற ஐகான்கள் அவர் கண்ணுக்குப் பிடிபடவில்லை. அழுத்தமான நிறங்கள் கொண்ட பப்பிரஸ் என்ற ஐகான் தொகுப்பைப் போட்டுத் தரலாம் என்று நினைத்தேன்.

வீட்டில் இணையம் மந்தம். ஆகவே காரைக்குடியில் என் மடிக்கணினியில் தரவிறக்கி, சுருக்கக் கோப்பை அங்கேயே பிரித்து, கோப்புறையைப் பென் டிரைவில் நகலெடுத்தேன். பிழைச் செய்திகள் வரிசையாக வந்தன; அனைத்தையும் தவிர்க்கும் பொத்தானை அழுத்திவிட்டேன். அந்த ஒரு சொடுக்குக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போயிற்று.

வீட்டுக் கோப்புறையில் புள்ளியில் தொடங்கும் ‘.ஐகான்ஸ்’ என்ற மறைகோப்புறைக்குள் அதை வைத்து, அமைப்புகளில் தோற்றம் பகுதியில் தேர்ந்தெடுத்தேன். கோப்புறைகள் பளிச்சென்று மாறின. மெனுவில் பல செயலிகள் பழைய படத்திலேயே நின்றன. பாதி வெள்ளையடித்த சுவர் போல இருக்கிறதே என்றார் அப்பச்சி.

காரணம் பென் டிரைவில் இருந்தது. இத்தகைய தொகுப்புகளில் ஒரே படத்துக்குப் பல பெயர்கள் உண்டு. ஒரு பெயரில் மட்டும் உண்மையான எஸ்விஜி படக் கோப்பு இருக்கும், மற்ற பெயர்கள் அதைச் சுட்டும் சிம்லிங்க்குகளாக, அதாவது வெறும் குறுக்குவழிகளாக இருக்கும். பென் டிரைவின் ஃபேட்32 என்ற கோப்பு அமைப்பால் சிம்லிங்க்கைத் தாங்க முடியாது என்பதால் அந்தப் பெயர்கள் எல்லாம் காரைக்குடியிலேயே தங்கிவிட்டன. தேடிய பெயர் கிடைக்காதபோது, தொகுப்பின் ‘இண்டெக்ஸ்.தீம்’ கோப்பில் ‘இன்ஹெரிட்ஸ்’ வரியில் உள்ள மாற்றுத் தொகுப்புகளிலும் கடைசியாகப் பொதுத் தொகுப்பான ஹைகலரிலும் கணினி தேடும். பழைய படங்கள் வந்தது அப்படித்தான். மறுவாரம் சுருக்கக் கோப்பைப் பிரிக்காமலே கொண்டுவந்து வீட்டுக் கணினியில் பிரித்ததும் எல்லாம் சரியாகிவிட்டது.

தேவகோட்டையிலிருந்து:

எனக்கு ஒரே ஒரு செயலிதான் அடம் பிடித்தது. மெனுவில் அதன் பெயரையும் ஐகானையும் குறிக்கும் ‘.டெஸ்க்டாப்’ கோப்பைத் திறந்து பார்த்தால், ‘ஐகான்’ வரியில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் படத்தின் முழுப் பாதையே எழுதப்பட்டிருந்தது. பாதை எழுதிவிட்டால் எந்தத் தொகுப்பை மாற்றினாலும் அது அசையாது. கோப்பை வீட்டுக் கோப்புறையின் ‘.லோக்கல்/ஷேர்/அப்ளிகேஷன்ஸ்’ பகுதிக்கு நகலெடுத்து, அங்கே பெயரை மட்டும் எழுதினேன். மூலக் கோப்பில் கை வைத்திருந்தால் அடுத்த மேம்படுத்தலில் அழிந்திருக்கும்.

காரைக்குடியிலிருந்து:

நான் சொந்தமாகவே ஒரு தொகுப்பு வரையத் துணிந்தவன். ஆத்தங்குடித் தரைக்கல்லின் பூ வேலைப்பாட்டை இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் வரைந்து, கோப்புறை ஐகானாக்கி, எல்லாப் பயனர்களுக்கும் கிடைக்கும்படி ‘யுஎஸ்ஆர்/ஷேர்/ஐகான்ஸ்’ பகுதியில் வைத்தேன். அதன்பின் உட்கோப்புறையில் புதிய படங்களைச் சேர்த்தால், எத்தனை முறை வெளியேறி நுழைந்தாலும் அவை தென்படவில்லை. ஐகான்களை விரைவில் தேட உதவும் ‘ஐகான்-தீம்.கேஷ்’ என்னும் பட்டியல் கோப்பு பழைய பட்டியலையே காட்டிக்கொண்டிருந்தது. தொகுப்பின் மேல்நிலைக் கோப்புறையின் தேதி மாறாதவரை அந்தப் பட்டியல் செல்லும் என்றே கணினி எடுத்துக்கொள்கிறது; உள்ளே ஒரு படம் சேர்ந்தால் அந்தத் தேதி மாறுவதில்லை. பட்டியலைப் புதுப்பிக்கும் ‘ஜிடிகே-அப்டேட்-ஐகான்-கேஷ்’ கட்டளையை இயக்கியதும் வந்துவிட்டன.

வந்தபிறகுதான் வேறொரு சங்கடம். 48 பிக்சலில் கண்ணைப் பறித்த பூ, 16 பிக்சலில் சிந்திய குழம்பாகத் தெரிந்தது. எஸ்விஜி எந்த அளவுக்கும் சுருங்கும் என்பது உண்மைதான். சுருங்கியபின் அடையாளம் தெரியும் என்று யாரும் உறுதி தரவில்லை. இப்போது 16க்கும் 22க்கும் நடுப்பூவை மட்டும் தனியே வரைந்து வைத்திருக்கிறேன். சுற்றியுள்ள கரை வேலைப்பாடு 48க்கு மேல்தான் வருகிறது.