யார் பக்கத்து இளைப்பு?

எங்கள் மகளுக்கு மூன்று வயதில் இளைப்பு வரத் தொடங்கியதும், பெரம்பூரில் உள்ள எங்கள் வீட்டில் எழுந்த முதல் கேள்வி, இது யார் பக்கத்திலிருந்து வந்தது என்பதுதான். என் அம்மாவுக்கு முழங்கை மடிப்பில் கரப்பான் என்னும் அரிப்புத் தோல்நோய் உண்டு; எனக்கு விடியற்காலையில் அடுக்குத் தும்மல். ஆகவே பழி எங்கள் பக்கம் விழுந்தது. பெண் வீட்டார் என்றால் சொல்லவா வேண்டும்!

குழந்தை மருத்துவரோ இரு வீட்டாரைப் பற்றியும் துருவித் துருவிக் கேட்டார். ஐந்து வயதுக்குக் கீழ் ஊதிப் பார்க்கும் சோதனையைச் சரியாகச் செய்ய இயலாது என்பதால், பெற்றோருக்கு ஆஸ்துமா உண்டா, குழந்தைக்குக் கரப்பான் உண்டா என்ற விவரங்களைக் கொண்டுதான் இளைப்பு பள்ளி வயதிலும் தொடருமா என்று ஓரளவு கணிக்க முடியும் என்றார். அப்போதுதான், இத்தனை காலம் ‘சளித் தொல்லை’ என்று சொல்லப்பட்டு வந்த என் மாமனாரின் இரவு நேர மூச்சுத்திணறலும், கணவரின் அண்ணன் தமக்குப் பெண் பார்த்த நாளிலிருந்தே மறைத்து வைத்திருந்த இன்ஹேலரும் வெளியே வந்தன.

ஆஸ்துமா ஒற்றை மரபணுவால் வருவதன்று என்று மருத்துவர் விளக்கினார். தோலின் மேலடுக்கைக் காக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுவில் பிழை இருந்தால், தோல் வறண்டு ஒவ்வாமைப் பொருள்கள் எளிதில் உள்ளே நுழைகின்றன. அத்தகையோருக்குக் கரப்பானும், கரப்பானைத் தொடர்ந்து ஆஸ்துமாவும் வரும் வாய்ப்பு கூடுதல் என்பது 2006இல் தெரியவந்தது. சிறுவயதில் தொடங்கும் ஆஸ்துமாவுக்கும் 17ஆம் குரோமோசோமில் ஓஆர்எம்டிஎல்3 மரபணு அமைந்துள்ள பகுதிக்கும் தொடர்பிருப்பதை 2007இல் கண்டறிந்தார்கள். இவ்வாறு ஆஸ்துமாவோடு தொடர்புடைய நூற்றுக்கும் மேற்பட்ட இடங்கள் நம் குரோமோசோம்களில் இன்று தெரிந்துள்ளன. ஒவ்வொன்றின் பங்கும் சிறிதே. ஒரே கருவில் பிறந்த இரட்டையரிலும் ஒருவருக்கு இளைப்பு இருந்து மற்றவருக்கு இல்லாமற்போவதுண்டு என்று அவர் சொன்னபோது, என் மாமியார் முதன்முறையாக வாயடைத்து நின்றார்.

மருத்துவர் சொற்படி, எதெது ஒவ்வாது என்று காட்டும் தோல் சோதனையை நானும் செய்துகொண்டேன். முன்கையில் பால்பாயிண்ட் பேனாவால் எண்களிட்டு, ஒவ்வொன்றின் அருகிலும் ஒவ்வோர் ஒவ்வாமைப் பொருளின் சாற்றில் ஒரு சொட்டு வைத்து, நுனி ஊசியால் லேசாகக் குத்தினார்கள். கால் மணி நேரத்தில், வீட்டுத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிரான தூசி உண்ணிக்குரிய இடம் கொசு கடித்ததுபோல் தடித்து, அரிப்புத் தாங்க முடியவில்லை. சென்னையின் புழுக்கமான காற்றில் மெத்தைகளில் அது நன்றாகவே பெருகும் என்பது எனக்குப் புதுச்செய்தி.

மரபணுச் சோதனை எடுக்கலாமா என்றதற்கு, ஆஸ்துமாவைக் கண்டறிய அது வழக்கத்தில் இல்லை, எடுத்தாலும் மகளின் சிகிச்சை மாறாது என்று மறுத்துவிட்டார். ஸ்பேசர் என்னும் குழாயைப் பொருத்தி இன்ஹேலரைத் தவறாமல் கொடுப்பது, படுக்கை விரிப்புகளை வெந்நீரில் துவைப்பது, போகிப் புகை சூழும் காலையில் சன்னல்களைச் சாத்தி வைப்பது ஆகியவற்றைத்தான் வலியுறுத்தினார். கணவரையும் தோல் சோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார். அவர் ஊசிக்குப் பயந்து இன்னும் நாள் கடத்திக்கொண்டிருக்கிறார்.