‘திறனிழப்பு’ வேண்டாம், ‘பளுத்திணறல்’ இருக்கட்டும்

ஐயா, வணக்கம்.

நம் சொல்லாக்க அவை தொகுக்கும், புல்வெட்டி ஊர்தியின் எஞ்சின் பழுதுகளுக்கான சொற்பட்டியலில் தாங்கள் முன்வைத்த ‘சுமைநிலைத் திறனிழப்பு’ என்ற சொல்லை இரண்டு நாளாக மனத்தில் புரட்டிக்கொண்டிருக்கிறேன். இயற்பியல் பாடநூலில் வைத்தால் அது பொருந்தும். பழுது பார்ப்பவர் கையில் கொடுத்தால் அவரைத் தவறான இடத்துக்கு அனுப்பிவிடுமே என்று அஞ்சுகிறேன். நாம் பெயர் வைக்கப்போவது ஓர் அறிகுறிக்கு: வெறுமனே நன்றாக ஓடும் எஞ்சின் புல்லை வெட்டும்போது வேகம் சரிந்து தடுமாறுவதற்கு. காரணம் இன்னும் தெரியாத கட்டத்தில் எழுதப்படும் சொல் அது. ‘திறனிழப்பு’ என்றதும் எஞ்சினே தளர்ந்துவிட்டது என்ற முடிவு கூடவே வந்துவிடுகிறது.

என் வண்டியில் நடந்ததைச் சொல்கிறேன். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். வெறுமனே ஓடும்போது ஒலியில் ஒரு குறையும் இராது. கத்தியை இணைத்து, உயர்ந்த புல்லுக்குள் விட்டுப் பத்து நிமிடம் ஆனதும் சத்தம் கனத்துத் தாழும், வண்டி குலுங்கும். கத்தியை விடுவித்தால் மறுபடி எழுந்துகொள்ளும். ஏர் ஃபில்டரை மாற்றினேன், பிளக்கை மாற்றினேன். ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் தலைப்பகுதியின் இடையடைப்பு) போயிருக்கும் என்று எண்ணி எஞ்சினைப் பிரிக்கவும் துணிந்துவிட்டேன். அதற்கு முன்னால் ஒரு முறை, திணறிய கையோடு வண்டியை நிறுத்திப் பெட்ரோல் தொட்டியின் மூடியைத் தளர்த்தினேன். ‘உஸ்’ என்று காற்று உள்ளே பாய்ந்தது. அதன்பின் அதே புல்லில் எஞ்சின் பழைய குரலில் ஓடியது. மூடியிலிருந்த நுண்ணிய காற்றுத்துளையைத் தூசி அடைத்திருந்தது. பெட்ரோல் குறையக் குறையத் தொட்டிக்குள் காற்றழுத்தம் தாழ்ந்து, கார்புரேட்டருக்கு எரிபொருள் இறங்காமல் நின்றிருக்கிறது. எஞ்சினின் திறன் எங்கும் போய்விடவில்லை. அதற்கு உணவுதான் போய்ச் சேரவில்லை.

வெறும் ஓட்டத்தில் ஏன் இது தெரிவதில்லை? கத்தி அடர்ந்த புல்லில் இறங்கியதும் வேகம் சற்றுச் சரியும். இத்தகைய எஞ்சின்கள் பலவற்றில் உச்ச வேகம் நிமிடத்துக்கு 3,600 சுற்றை ஒட்டி அமைக்கப்பட்டிருக்கும். சரிவு தொடங்கியதும், வேகத்தைச் சீராக வைக்கும் உறுப்பான கவர்னர் அதை உணர்ந்து, எஞ்சினுக்குள் கலவை புகும் வழியிலுள்ள திராட்டில் என்ற தடுப்பை அகலத் திறக்கும்; காற்றும் பெட்ரோலும் கூடுதலாகப் புகுந்து வேகம் மீளும். அப்படித் திறந்தும் வேகம் மீளாத நிலைக்கே நாம் சொல் தேடுகிறோம். பளு இல்லாதபோது எஞ்சினுக்கு வேண்டிய பெட்ரோல் கொஞ்சம்தான். பாதி அடைத்த மெயின் ஜெட்டும் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் நுண்துளை) அழுக்கேறிய பெட்ரோல் ஃபில்டரும்கூட அந்தக் கொஞ்சத்தைக் கொடுத்துவிடும். காற்றைக் குறைக்கும் சோக்கைச் சற்று இழுத்ததும் எஞ்சின் தெளிந்தால் பெட்ரோல் போதவில்லை என்று கொள்ளலாம். கரும்புகை தள்ளினால் காற்று வரும் வழியை முதலில் பார்க்க வேண்டும். வால்வு இடைவெளி மாறியிருக்கலாம். பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் சூடேறியபின் கைவிட்டிருக்கலாம். எஞ்சினில் குறையே இல்லாமலும் இது நேரும்: கத்தி மழுங்கியிருக்கும், வெட்டுத்தட்டின் அடியில் ஈரப்புல் அப்பியிருக்கும், கத்தித்தண்டின் பேரிங் இறுகியிருக்கும். எஞ்சினை நிறுத்தி, பிளக் வயரைக் கழற்றி, பெல்ட்டையும் விடுவித்துவிட்டுக் கத்தித்தண்டைக் கையால் சுற்றிப் பார்த்தால் பேரிங்கின் இறுக்கம் விரலுக்கே தெரியும். அந்த வண்டிக்கும் ‘திறனிழப்பு’ என்று எழுதுவது எப்படிச் சரியாகும்?

பழுது பார்ப்பவர்கள் ‘இழுவை இல்லை’ என்பார்கள், ‘அடங்குகிறது’ என்பார்கள், ‘திணறுகிறது’ என்பார்கள். ‘இழுவை’ நல்ல சொல்தான். ஆனால் வண்டி மேடேறாத குறைக்கு அது ஏற்கெனவே பழகிவிட்டது. ‘அடங்குதல்’ முழுவதும் அணைந்துபோவதையும் குறிக்கும். ஓட்டம் நிற்கவில்லை, ஈடுகொடுக்கவும் முடியவில்லை என்ற இரண்டையும் ஒருங்கே சொல்வது ‘திணறல்’. மூச்சுத் திணறல் என்று சொல்லும்போது நுரையீரலா, இதயமா, தூசியா என்று நாம் தீர்ப்புச் சொல்லிவிடுவதில்லை. அந்த அடக்கம் இங்கும் வேண்டும்.

நம் அவையின் அம்மையார் ஒருவர் பரிந்துரைத்த ‘வலுவிழப்பு’ காதுக்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் புயல் வலுவிழந்தது என்று நாளிதழ்கள் எழுதும்போது அது தணிந்து ஓய்வதையே புரிந்துகொள்கிறோம். கத்தியை விடுவித்ததும் எழுந்துகொள்ளும் எஞ்சினுக்கு அது ஒட்டவில்லை. மேலும், தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘திறன்’ என்று சொல்வதை இலங்கைப் பாடநூல்கள் ‘வலு’ என்கின்றன. இரண்டில் எதை எடுத்தாலும் ஒரு கரையினருக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். ‘திணறல்’ இரு கரைக்கும் பொது.

இனி ‘சுமை’யா, ‘பளு’வா என்ற கேள்வி. இந்த வண்டியில் ஓட்டுபவர் ஏறி அமர்கிறார். அவர் எடையும் வண்டிக்குச் சுமைதான். கத்தி சந்திப்பது எடையை அன்று, புல்லின் எதிர்ப்பை. ‘வேலைப்பளு’ என்று நாள்தோறும் எழுதுகிறோமே, அதில் வருவது இந்தப் பொருள்தான். ‘பணிச்சுமை’யும் வழக்கில் இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. அவையினர் ‘சுமைத்திணறல்’ என்று முடிவு செய்தால் நான் ஒப்புக்கொள்வேன். ‘திணற’லை மட்டும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

‘பளுதூக்குதல்’ என்பதில் ஒற்று மிகவில்லையே, இங்கே ஏன் மிகுகிறது என்றும் கேட்டிருந்தீர்கள். அங்கே பளு செயப்படுபொருள், பளுவைத் தூக்குதல். இங்கே பளுவில் எழும் திணறல் என்று விரியும். நீரில் வாழும் பாம்பு ‘தண்ணீர்ப்பாம்பு’ ஆவது போலத்தான். எனவே ‘பளுத்திணறல்’ என்றே எழுதலாம்.

பட்டியலுக்கு என் வரைவு:

பளுத்திணறல் – வெறும் ஓட்டத்தில் சீராக இயங்கும் எஞ்சின், கத்தி வெட்டத் தொடங்கியபின் வேகம் சரிந்து, பளு நீங்கியதும் மீளும் நிலை. வினையாக வரும்போது: ‘எஞ்சின் பளுவில் திணறுகிறது.’

கவர்னருக்குச் சொல் இன்னும் முடிவாகவில்லை. ‘ஆளுநர்’ என்றால் பதவியில் இருப்பவரே நினைவுக்கு வருவார். ‘வேகச்சீராக்கி’ என்று எழுதிப் பார்த்தேன். பளுத்திணறலை விளக்கும் வாக்கியங்களில் அது தடையின்றி உட்கார்கிறது. தங்களிடம் இதைவிடக் குறுகிய சொல் இருந்தால், பட்டியலை அனுப்புவதற்கு முன் எழுதுங்கள் ஐயா.