லைப்ரரியாகப் பிரித்தபின் நிரல் மெதுவாகிவிட்டது: எங்கே பார்ப்பது?

கேள்வி:
படங்களின் வெளிச்சத்தைத் திருத்தும் சி மொழி நிரல். ஒரே கோப்பாக இருந்தவரை 4000×3000 பிக்சல் படம் சட்டென்று முடிந்துவிடும். வேறொரு நிரலுக்கும் தேவைப்பட்டதால் நிறக் கணக்குச் செயற்கூறுகளைப் பிரித்து ஸ்டேடிக் லைப்ரரி (இணைக்கும்போதே நிரலுக்குள் சேர்ந்துவிடும் தொகுப்பு) ஆக்கினேன். விடை மாறவில்லை, நேரம் ஏறக்குறைய மூன்று மடங்காகிவிட்டது. ஜிசிசி கம்பைலர், இரண்டுக்கும் ஓ3 என்னும் உயர் உகப்பாக்க நிலைதான். உதவுங்கள்.

மறுமொழி 1:
ஊகிப்பதற்கு முன் அளந்துவிடுங்கள். லினக்ஸ் என்றால் நிரலின் நேரம் எங்கே செலவாகிறது என்று காட்டும் ‘பெர்ஃப்’ கருவியை ஓட்டி, எந்தச் செயற்கூறு முதலிடத்தில் நிற்கிறது என்று சொல்லுங்கள்.

கேட்டவர்:
மதிப்பை 0 முதல் 255-க்குள் அடக்கும் இரண்டு வரிச் செயற்கூறுதான் முதலிடம்!

மறுமொழி 2:
காரணம் அதுவேதான். ஒரே கோப்பில் இருந்தபோது கம்பைலர் அதன் உடலைப் பார்த்து, அழைக்கும் இடத்திலேயே விரித்து எழுதியது. பல பிக்சல்களை ஒரே கட்டளையில் கணக்கிடவும் வழி இருந்தது. இப்போது உடல் வேறு கோப்பில் இருப்பதால், அதன் அறிவிப்பு (பெயரும் உள்ளீட்டு வகையும்) மட்டுமே கம்பைலரின் கண்ணில் படுகிறது. ஆகவே 1.2 கோடி பிக்சல், மூன்று நிறம், மொத்தம் 3.6 கோடி உண்மையான அழைப்புகள். எஸ்க்யூலைட் என்னும் தரவுத்தள மென்பொருள் தன் நூற்றுக்கும் மேற்பட்ட மூலக் கோப்புகளை ஒரே கோப்பாக்கியும் தருகிறது. அதனால் 5 முதல் 10% வேகம் கூடும் என்று அதன் ஆவணமே சொல்கிறது. நீங்கள் மறுபடி ஒட்ட வேண்டியதில்லை. கோப்புகளை இணைக்கும்போது அவற்றைச் சேர்த்துப் பார்த்து வேகப்படுத்தும் எல்டிஓ என்னும் இணைப்புநேர உகப்பாக்கத்தைக் கம்பைல் செய்யும்போதும் இணைக்கும்போதும் கொடுங்கள்.

கேட்டவர்:
கொடுத்தேன். செயற்கூறுகளே கிடைக்கவில்லை என்று இணைப்பில் பிழை வருகிறது.

மறுமொழி 2:
லைப்ரரியைச் சாதாரண ‘ஏஆர்’ என்னும் தொகுப்புக் கருவி கொண்டு கட்டியிருப்பீர்கள். எல்டிஓ கோப்புகளுக்குள் இருப்பது ஜிசிசியின் இடைநிலை வடிவம். அதைப் படிக்கும் செருகுநிரல் இல்லாமல் லைப்ரரியின் செயற்கூறுப் பெயர் அட்டவணை காலியாகிவிடும். ‘ஜிசிசி-ஏஆர்’ கொண்டு புதிதாகக் கட்டுங்கள்.

கேட்டவர்:
பழைய வேகம் திரும்பிவிட்டது, மிக்க நன்றி! பிறகு இதை ஷேர்டு லைப்ரரி (நிரல் ஓடும்போது ஏற்றப்படும் தனிக் கோப்பு) ஆக்கினாலும் இப்படியே ஓடுமா?

மறுமொழி 1:
ஓடாது நண்பரே. எல்டிஓ அந்த எல்லையைத் தாண்டாது. பிக்சலுக்கு ஓர் அழைப்பு என்ற அமைப்பையே கைவிடுங்கள்: ஒரு முழு வரிசையின் முகவரியையும் நீளத்தையும் வாங்கிக்கொள்ளும் செயற்கூறை வெளியே காட்டுங்கள். 3000 வரிசைக்கு 3000 அழைப்பு போதும், சுழற்சி லைப்ரரிக்குள்ளேயே இருக்கும். அந்த இரண்டு வரிச் செயற்கூறைத் தலைப்புக் கோப்பில் ‘ஸ்டேடிக் இன்லைன்’ என்று வைத்துவிடுங்கள்; அப்போது அதைச் சேர்க்கும் ஒவ்வொரு கோப்பிலும் கம்பைலர் அதன் உடலைப் பார்க்கும்.