ரிவால்வர் வேட்டை: இரும்புக் குறியா, ரெட் டாட்டா, ஸ்கோப்பா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

லானோ, டெக்சாஸ்

கைத்துப்பாக்கி வேட்டைக்கு எந்தக் குறி நல்லது என்று யாராவது கேட்டால், பதில் சொல்பவர்கள் தூரத்தில் தொடங்கிவிடுகிறார்கள். ஐம்பது கஜத்துக்குள் இரும்புக் குறி (துப்பாக்கியின் மேல் முன்னும் பின்னும் இருக்கும் வெறும் இரும்பு முனைகள்) போதும், அதற்கு மேல் என்றால் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப் என்று ஒரு வாய்ப்பாடு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எந்த வெளிச்சத்தில் சுடப்போகிறீர்கள், உங்கள் கண்ணுக்கு எத்தனை வயது? இந்த இரண்டையும்தான் முதலில் கேட்க வேண்டும். தூரம் அதற்குப் பிறகுதான் வருகிறது.

என்னிடம் இருப்பது ரூகர் சூப்பர் ரெட்ஹாக் ரிவால்வர், .44 மேக்னம் தோட்டா, ஏழரை அங்குலக் குழல். வெறும் துப்பாக்கியே ஒன்றரைக் கிலோ. அதன் உடலிலேயே ஸ்கோப் வளையங்கள் உட்காரப் பள்ளம் வெட்டியிருக்கிறார்கள்; வளையங்களும் பெட்டியோடு வருகின்றன. அதனால் ஒரே துப்பாக்கியை மூன்று விதமாகவும் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறேன்.

லானோ ஆற்றுக்குத் தெற்கே ஒரு பண்ணை. உரிமையாளர் ஓய்வு பெற்றவர். காட்டுப்பன்றிகள் அவருடைய ஓட்ஸ் வயலை உழுது போட்டுவிடுகின்றன. இங்கே தனியார் நிலத்தில் உரிமையாளர் சம்மதித்தால் பன்றிக்கு 2019 செப்டம்பரிலிருந்து வேட்டை உரிமம்கூடத் தேவையில்லை. மக்காச்சோளம் தூவும் தீவனப் பெட்டி மூன்று கால்களில் நிற்கிறது. மாலையில் மோட்டார் சுழன்று சோளம் சிதறியதும் முதலில் வருவது மான்கள். பன்றிகள் அவசரப்படுவதில்லை. மான்கள் தின்று முடித்து, வெளிச்சமும் பாதி வடிந்த பிறகுதான் மெஸ்கீட் புதருக்குள்ளிருந்து உறுமல் கேட்கும்.

அன்றைக்கு வந்தது தனி ஆண். முப்பது கஜம் இருக்கும். துப்பாக்கியில் தொழிற்சாலையில் பொருத்திய குறி மட்டும்தான். கரும்பன்றிக்குப் பின்னால் வெளுத்த கிரானைட் மணல். மணலின் மேல் வைத்துப் பார்த்தபோது முன்குறி கத்தி போல் தெளிவாகத் தெரிந்தது. அதை அப்படியே பன்றியின் தோளுக்கு இறக்கினேன், காணவில்லை. கறுப்பின் மேல் கறுப்பு. மறுபடி மணலுக்கு ஏற்றினால் தெரிகிறது, தோளுக்கு இறக்கினால் கரைகிறது. விசையில் விரலை வைக்கவில்லை. பன்றி தீவனப் பெட்டியின் காலை முதுகால் முட்டி மேலும் கொஞ்சம் சோளம் உதிர்த்துக்கொண்டு, சாவகாசமாகத் தின்றுவிட்டுப் போனது.

இதற்குக் காரணம் தூரமே இல்லை. இரும்புக் குறியில் கண் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது: பின்குறி, முன்குறி, விலங்கு. மூன்றும் ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரிவது யாருக்கும் நடக்காது. முன்குறியைத் தெளிவாக வைத்துக்கொண்டு மற்ற இரண்டும் மங்கலாக இருக்கட்டும் என்று விடுவதுதான் முறை. நாற்பதைத் தாண்டிய கண்ணுக்குக் கை நீட்டும் தூரத்தில் இருக்கும் அந்த முன்குறியே மங்கத் தொடங்குகிறது. மங்கினால் என்ன ஆகும்? முன்குறிக்கும் பின்குறிக்கும் நடுவே சுமார் ஒன்பது அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நேர்கோடு ஒரு மில்லிமீட்டர் பிசகினால், ஐம்பது கஜத்தில் தோட்டா இருபது சென்டிமீட்டர் தள்ளிப் போகும். ஒரு மானின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த பரப்பே ஏறக்குறைய அவ்வளவுதான். போதாததற்கு, எட்டில் ஒரு அங்குல அகல முன்குறி ஐம்பது கஜத்தில் ஆறரை அங்குலத்தை மறைத்துக்கொள்கிறது.

அடுத்த முறை அதே இடத்துக்கு, கண்ணாடியில் சிவப்புப் புள்ளி காட்டும் ரெட் டாட்டோடு போனேன். இருட்டும் நேரத்தில் புள்ளியின் பிரகாசம் கூடுதலாக இருந்தால் கண்ணாடி முழுவதும் சிவப்பு கசிந்து பன்றியையே மறைத்துவிடும். அதனால் அந்தி சாயச் சாயக் குறைத்துக்கொண்டே வந்தேன், மங்கிய கனல் அளவுக்கு. நாலைந்து பன்றிகள் வந்தன. பெரியது பக்கவாட்டில் திரும்பியபோது முன்காலின் நேர்கோட்டிலேயே, உடலின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் புள்ளியை வைத்தேன். மானுக்கு வைப்பதுபோல் தோளுக்குப் பின்னால் வைத்தால் பன்றியில் வயிற்றுக்குப் போய்விடும். அதன் இதயம் இன்னும் முன்னாலும் கீழேயும் இருக்கிறது. இரண்டு கண்களும் திறந்தே இருந்தன. சுட்ட பிறகு புதர் விளிம்பு வரைதான் ஓடியது. தோளின் மேல் விரல் கனத்துக்குக் கேடயம்போல் இறுகிய திசு. கனமான ஈயத் தோட்டா அதைத் துளைத்து மறுபுறம் வெளியேறியிருந்தது.

உங்கள் கதைகளையும் எழுதுங்கள். வெளிச்சம் எப்படி இருந்தது என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கொலம்பஸுக்கு வெளியே, ஓஹையோ

அண்ணா சொல்லும் ரெட் டாட் டெக்சாஸுக்குப் பொருந்தும். எங்கள் பனியில் வந்து பாருங்கள்.

இங்கே மானுக்குக் கைத்துப்பாக்கி என்றால் குழல் ஐந்து அங்குலமாவது இருக்க வேண்டும். தோட்டாவின் கூடு கழுத்தில் குறுகாமல் நேர்ச்சுவராக, .357 அங்குல அளவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். நானும் .44தான். ஏணி மேடையில் உட்கார்ந்திருந்தபோது பனி தூவத் தொடங்கியது. என் ரெட் டாட் திறந்த வகை. பின்னாலிருக்கும் சிறு விளக்கு முன்கண்ணாடியில் ஒளியை வீசி, அது திரும்பி வந்துதான் புள்ளியாகத் தெரிகிறது. அந்தக் குழிக்குள் ஒரு பனித்துளி விழுந்தால் போதும், புள்ளி சிதறிப் பூச்சியாகிவிடும். ஊதினால் மூச்சுக்காற்றில் கண்ணாடி மங்குகிறது. கையுறையால் துடைத்தால் ஈரத்தைப் பரப்பியதுதான் மிச்சம். எல்லாப் பக்கமும் மூடிய பெட்டி வகை ரெட் டாட் இப்போது வந்துவிட்டது. மழை, பனி உள்ள ஊர்க்காரர்கள் வாங்குவதானால் அதையே வாங்குங்கள்.

நான் அதற்குள் ஸ்கோப்புக்கு மாறிவிட்டேன். கைத்துப்பாக்கிக்கென்றே செய்த ஸ்கோப். கையை நீட்டிப் பிடித்தாலும் முழுப்படம் தெரியும்படி கண்ணிலிருந்து ஒன்றரை அடி தூரத்துக்கு அமைத்திருப்பார்கள். ரைஃபிள் ஸ்கோப்பை இதில் மாட்ட நினைக்காதீர்கள். என்னுடையது இரண்டிலிருந்து ஆறு மடங்கு வரை பெரிதாக்கும். நான் இரண்டிலேயே வைத்திருப்பேன், மான் தூரத்தில் நின்றால் மட்டும் கூட்டுவேன். ஆறில் வைத்துக்கொண்டு கையூன்றாமல் நின்று பாருங்கள்; குறுக்குக் கோடு மானின் காதுக்கும் வாலுக்கும் நடுவே ஊஞ்சலாடும். இரும்புக் குறியிலும் அதே நடுக்கம் இருக்கத்தான் செய்கிறது, கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரியாத வரை மனசு நிம்மதியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

சோளம் அறுத்த வயலின் ஓரத்தில் எண்பது கஜத்தில் ஒரு பெண் மான். மேடைக் கம்பியின் மேல் மணல் பையைப் போட்டு மணிக்கட்டை ஊன்றினேன். தலை கொஞ்சம் அசைந்தாலும் ஸ்கோப்பின் ஓரத்தில் பிறை போல் கறுப்பு ஏறும். அது நான்கு பக்கமும் மறையும் வரை காத்திருந்து விசையை அழுத்தினேன். மான் நின்ற இடத்திலேயே மடங்கியது. இறங்குமுன் கம்பியில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தேன். சிலிண்டருக்கும் (தோட்டாக்கள் இருக்கும் சுழல் உருளை) குழலுக்கும் நடுவிலுள்ள இடுக்குக்கு நேரே, அங்கே சீறும் சூடான வாயுவில், பிளேடால் கீறியதுபோல் கிழிந்து கருகியிருந்தது. ரைஃபிள் பழக்கத்தில் இடது கையை முன்னால் கொண்டுபோய் ஸ்கோப்புக்குக் கீழே தாங்க வருகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். விரல் அங்கே இருந்தால் விரலுக்கும் அதே கதிதான்.

கெர்வில் பக்கம், டெக்சாஸ்

இரண்டு அண்ணன்களும் உட்கார்ந்து வேட்டையாடுகிறவர்கள். உட்கார்ந்திருப்பவருக்கு ஸ்கோப் என்ன, தொலைநோக்கியே மாட்டிக்கொள்ளலாம்.

நான் கூடலூர்க்காரன். பஸ் முதுமலை வழியாகப் போகும்போது ஜன்னலில் புள்ளிமான்களை எண்ணிக்கொண்டே வளர்ந்தவன். அங்கே அவற்றை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது, காக்கட்டும். அதே புள்ளிமானை 1932 வாக்கில் டெக்சாஸுக்குக் கொண்டுவந்து, வேலி தாண்டி அவை இந்தக் குன்றுப்பகுதி முழுக்கப் பெருகி, உள்ளூர் வெள்ளைவால் மானின் மேய்ச்சலைத் தின்றுகொண்டிருக்கின்றன. அயல் விலங்கு என்பதால் இங்கே அதற்குப் பருவத் தடை கிடையாது. உரிமம் இருந்தால் ஆண்டு முழுவதும் சுடலாம்.

இவற்றுக்காகத் தீவனப் பெட்டியடியில் தவம் கிடக்க எனக்குப் பொறுமையில்லை. நடந்துதான் தேட வேண்டும். ஜூனிபர் புதர்களுக்குக் கீழே முழங்கையால் ஊர்ந்து போகிறேன், இரண்டு கையும் தரையில். துப்பாக்கி இடுப்பு உறையில் ஒட்டிக்கொண்டு கிடக்க வேண்டும். ஸ்கோப் மாட்டினால் அது மார்புக்குக் குறுக்கே பெரிய உறைக்குப் போய்விடும், ஒவ்வொரு கிளையும் அதைப் பிடித்து இழுக்கும். என்னுடையது ஒவ்வொரு முறையும் ஹேமரை (பின்னாலுள்ள சுத்தி) கையால் இழுக்க வேண்டிய ஒற்றைச் செயல் பிளாக்ஹாக் ரிவால்வர், .45 கோல்ட் தோட்டா. முன்குறியின் முகத்தில் மனைவியின் ஆரஞ்சு நகப்பூச்சைத் தடவியிருக்கிறேன். முதலில் வெள்ளை ஒரு பூச்சு, காய்ந்த பிறகு ஆரஞ்சு இரண்டு பூச்சு. வெள்ளை அடித்தளம் இல்லாவிட்டால் ஆரஞ்சு எடுபடாது. துப்பாக்கிக்குச் செய்த செலவிலேயே பிரயோஜனமானது அதுதான், அதுவும் என் காசில்லை.

காலை வெயில் முதுகுப்பக்கம், காற்று முகத்தில். ஓடைக்கரையில் மந்தை. முன்னால் நின்ற பெண்மான் என்னைக் கண்டுவிட்டது. முதுமலையில் கேட்ட அதே கூர்மையான குரைப்பு. உடம்பு ஒரு நொடி ஊருக்குப் போய்த் திரும்பியது. மந்தை முழுவதும் தலையைத் தூக்கியது. எதைப் பார்த்துக் குரைக்கிறாள் என்று தெரிந்துகொள்ள ஆண்மான் ஓடைக் கல்லின் மேல் ஏறி, பக்கத்தைக் காட்டி நின்றது. முப்பத்தைந்து நாற்பது கஜம். உட்கார்ந்த நிலையில் முழங்காலில் கையூன்றி, ஹேமரை இழுத்து, புள்ளிகளுக்கு நடுவே ஆரஞ்சை வைத்தேன். புகை கலைந்தபோது கல்லின் மேல் யாருமில்லை. கல்லுக்குப் பின்னால் கிடந்தது.

அந்த நேரத்தில் ரெட் டாட் இருந்திருந்தால் புள்ளியைத் தேடிக் கையை ஆட்டிக்கொண்டிருந்திருப்பேன். எனக்கு முப்பத்தாறு வயது. கண்ணாடி போடும் நாள் வரட்டும், அப்போது அண்ணனிடம் வந்து நிற்கிறேன்.

ஹூஸ்டன்

பெரிய கதை எதுவும் இல்லை. எங்கள் கடற்கரைப் புழுக்கத்தில் ஏசி போட்ட வண்டியிலிருந்து துப்பாக்கியை வெளியே எடுத்ததும் ஸ்கோப்பானாலும் ரெட் டாட்டானாலும் கண்ணாடி முழுக்க வியர்த்துவிடும். பண்ணைக் கேட்டிலேயே ஏசியை அணைத்து ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.

ரெட் டாட்டின் பேட்டரி தீர்ந்துவிடுமோ என்ற பயம் உள்ளவர்களுக்கு: நான் தீபாவளிக்குத் தீபாவளி மாற்றிவிடுகிறேன். மான் பருவம் நவம்பர் முதல் சனிக்கிழமை தொடங்குகிறது, கணக்கு ஒத்துப்போகிறது. பழைய பேட்டரி வீட்டுத் தராசுக்குப் போகும்.

எனக்குப் புள்ளி வட்டமாகத் தெரிவதில்லை, கமா போல் வாலோடு தெரிகிறது. துப்பாக்கிக் கடைக்காரர் பழுதென்று சொல்லிப் புதிதாக ஒன்றை விற்கப் பார்த்தார். இதற்கு என்ன செய்வது? எந்த அளவுப் புள்ளி வாங்குவது?

லானோ, டெக்சாஸ்

ஹூஸ்டன் நண்பருக்கு: தோட்டா இல்லை என்று சிலிண்டரைத் திறந்து உறுதி செய்துகொண்டு, ரெட் டாட்டுக்குப் பின்னால் கைப்பேசியை வைத்து ஒரு படம் எடுங்கள். படத்தில் புள்ளி வட்டமாக இருந்தால் கருவியில் கோளாறு இல்லை. உங்கள் கண்ணில் ஒளி ஒரே புள்ளியில் குவியாத சிதறல் பார்வை இருக்கிறது. கண் மருத்துவரிடம் போனால் அதற்கேற்ற கண்ணாடி தருவார். அப்படியும் வால் முழுதாகப் போகவில்லையென்றால் ரெட் டாட்டை விட்டுவிடுங்கள். ஓஹையோ தம்பியின் இரண்டு மடங்கு ஸ்கோப்தான் உங்களுக்குச் சரி. குறுக்குக் கோடு உள்ளேயே இருக்கிறது, அதன் கண்துண்டைத் திருகி உங்கள் கண்ணுக்குத் தெளிவாக்கிக்கொள்ளலாம்.

கூடலூர்த் தம்பிக்கு: நடந்து வேட்டையாடுகிறவனுக்கு இடுப்பு உறைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உன் ஆண்மான் நின்றது காலை வெயிலில். நகப்பூச்சுக்கு வெயில் வேண்டும். அந்தியில் அதுவும் கறுப்பாகிவிடும். அப்போது உன் தூரம் நாற்பது கஜமில்லை, பதினைந்தோ இருபதோதான். கண்ணாடி போடும் நாள் வந்தாலும் இரும்பைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. கண்ணிலிருந்து முன்குறி வரைக்குமான தூரத்தை அளந்துகொண்டு போய், குறிபார்க்கும் கண்ணுக்கு மட்டும் அந்தத் தூரத்துக்கு வில்லை கேள். எனக்கு அது முப்பத்துநாலு அங்குலம் வந்தது. செய்து தருவார்கள். வண்டி ஓட்டும்போது மட்டும் அதைப் போட்டுக்கொள்ளாதே.

ஓஹையோ தம்பியின் எண்பது கஜம் அவருக்கு நியாயம், மணல் பை இருந்தது. பை இல்லாமல் அதே துப்பாக்கிக்கு அவ்வளவு தூரம் கிடையாது. ஆறு அங்குலக் காகிதத் தட்டை நட்டு, வேட்டையில் எப்படி உட்காருவீர்களோ அப்படியே உட்கார்ந்து சுடுங்கள். ஒரு தோட்டாகூடத் தட்டுக்கு வெளியே போகாத தூரம் எதுவோ அதுதான் உங்கள் எல்லை. பகலில் ஒரு முறை, சூரியன் மறைந்தபின் சட்டம் அனுமதிக்கும் கடைசி அரைமணியில் ஒரு முறை. இரண்டு எண்களும் ஒன்றாக இருக்காது. ரெட் டாட் வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும் இதைச் செய்து பார்த்துத்தான் நான் அதை வைத்துக்கொண்டேன். பகல் எண் பெரிதாக மாறவில்லை, அந்தி எண் இரண்டு மடங்கானது.

புள்ளி அளவு: இரண்டு எம்ஓஏ (புள்ளியின் அளவைச் சொல்லும் கோண அலகு) என்றால் ஐம்பது கஜத்தில் ஓர் அங்குலத்தை மறைக்கும், ஆறு என்றால் மூன்று அங்குலம். பன்றிக்கு மட்டும் என்றால் ஆறு போதும், சட்டென்று கண்ணில் படும். மானுக்கும் சேர்த்து ஒன்றே என்றால் மூன்றோ நான்கோ வாங்குங்கள். எதை மாட்டினாலும் .44இன் பின்னுதைப்பு திருகுகளைக் கழற்றிவிடும். திருகின் மரையில் லாக்டைட் என்ற பசையின் நீல வகையை ஒரு சொட்டு விட்டு முடுக்குங்கள். பிறகு திருகின் தலையிலிருந்து வளையம் வரை நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். கோடு உடைந்திருந்தால் அன்றைக்கு வேட்டை இல்லை, குறி காட்டும் இடத்திலேயே தோட்டா படும்படி மறுபடி ஜீரோ செய்யும் வேலைதான். நிறம் எதுவானாலும் பரவாயில்லை, வீட்டில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.