சிட்னி கோவ் ஓவியம்: எந்த வருடத்தைச் சேர்ந்தது?

கேள்வி (நீலா):
பழைய சிட்னி துறைமுகத்தை, அதாவது சிட்னி கோவ் என்ற சிறு விரிகுடாவைக் காட்டும் நீர்வண்ண ஓவியம் ஒன்றின் பிரதி என்னிடம் இருக்கிறது. தண்ணீரிலிருந்து தெற்கே பார்த்து வரைந்தது. இடப்பக்க மேட்டில் மாடி வீடு, வலப்பக்கம் வரிசையாகக் குடிசைகள், நடுவில் இரண்டு கப்பல்கள். ஒன்றுக்கு மூன்று பாய்மரம், சிறியதற்கு இரண்டு. பெயரோ தேதியோ இல்லை. 1788 என்று குறித்துக்கொள்ளலாமா?

பதில் (கடலோடி):
1788 வேண்டாம் நீலா. பிரிட்டிஷ் குடியேற்றத்தின் முதல் ஆளுநர் ஆர்தர் பிலிப் அந்த ஜனவரி 26 அன்று இறங்கியபோது அங்கே கூடாரங்கள்தான். அவருடைய மாடி வீட்டுக்கு மே மாதம்தான் அடிக்கல் நாட்டினார்கள். சுண்ணாம்புக்கல் கிடைக்காமல், சிப்பிகளைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்துக் கட்டினார்கள். 1789 ஏப்ரலில்தான் பிலிப் குடிபோனார்.

அப்புறம் கப்பல்கள். இதுமாதிரிப் படங்களில் நான் முதலில் பாய்மரங்களைத்தான் எண்ணுவேன். அங்கே ஆரம்பத்தில் வரைந்தவர்களில் பலர் கடற்படைக்காரர்கள். வீட்டைப் பெரிதாக்கிவிடுவார்கள், பாய்மரத்தில் தவறமாட்டார்கள். பிலிப்போடு வந்த 11 கப்பல்களில் வாடகைக்கு எடுத்தவை எல்லாம் 1788 நவம்பருக்குள் கிளம்பிவிட்டன. மிஞ்சியவை அரசரின் கப்பல்கள் இரண்டு: மூன்று பாய்மர சிரியஸ், இரண்டு பாய்மர சப்ளை. தானியம் வாங்க ஆப்பிரிக்காவின் கேப் டவுன் வரை போன சிரியஸ் 1789 மே மாதம் திரும்பியது. 1790 மார்ச்சில் நார்ஃபோக் தீவில் பாறையில் மோதி உடைந்தது. உங்கள் ஓவியம் இந்தப் பத்து மாதத்துக்குள் அடங்கும் என்பது என் கணிப்பு.

பதில் (வரைபடப்பித்தன்):
கொடியையும் பாருங்கள். பிரிட்டிஷ் கொடியில் சிவப்பு மூலைவிட்டக் குறுக்குக்கோடு சேர்ந்தது 1801-இல். அது இருந்தால் பின்னாளில் யாரோ பார்த்து வரைந்த பிரதி. இடப்பக்க முனையையும் கவனியுங்கள். இன்று ஓபரா ஹவுஸ் நிற்கும் இடம் அது. 1790 கடைசியில் பென்னலாங் என்ற பூர்வகுடி மனிதருக்கு அங்கே செங்கல் குடில் கட்டிக்கொடுத்தார்கள். அது இருந்தால் ஓவியம் அதற்குப் பிந்தையது.

நீலா:
சிவப்பு மூலைவிட்டம் இல்லை, முனையும் வெறுமையாக இருக்கிறது. இருவருக்கும் நன்றி! கீழ் மூலையில் ஒரு சின்னத் தோணியிலிருந்து புகை வருகிறதே, தீப்பிடித்துவிட்டதா?

கடலோடி:
இல்லை, அது அடுப்பு. மரப்பட்டைத் தோணிக்குள் களிமண் பரப்பி அதன்மேல் தீ மூட்டி, தூண்டிலில் பிடித்த மீனை அங்கேயே சுடுவார்கள். அந்தக் கரையின் சொந்தக்காரர்களான காடிகல் மக்களில் பெண்கள்தான் அப்படி மீன் பிடித்தார்கள். 1789 ஏப்ரலில் அவர்களிடையே பெரியம்மை பரவியது. அந்தப் பகுதி மக்களில் பாதிப் பேர் இறந்ததாக பிலிப்பே எழுதினார். நம் கணக்கு சரியென்றால், அந்தத் தோணியில் இருப்பவர்கள் அதில் பிழைத்தவர்கள். படத்தை எங்கேயாவது போடும்போது தயவுசெய்து அந்த மூலையை வெட்டிவிடாதீர்கள். பல பிரதிகளில் கப்பலும் மாளிகையும் மட்டும்தான் மிஞ்சுகின்றன.