லீனியர் டிக் போட்டதும் இரவு வானம் பட்டை பட்டையா வருது, அவசரம்

தூரிகை22: ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்ல (அனிமேஷன் சாஃப்ட்வேர்) கிரேடியன்ட் வானம் (நிறம் மெல்ல மெல்ல மாறுறது), நிலா, கொஞ்சம் குளோ (ஒளிவட்டம்). லீனியரைஸ் (நிறங்களை நிஜ ஒளி அளவுல கணக்குப் போடற ஆப்ஷன்) டிக் பண்ணதும் இருட்டான இடமெல்லாம் பட்டை. ஃபேட் (மெல்லத் தெரிய வைக்கறது) வேற சீக்கிரமே வெளுத்துடுது. நாளைக்கு டெலிவரி, ப்ளீஸ்.

காம்ப்_கணேஷ்: ப்ராஜெக்ட் எத்தனை பிட் (பிட் கூடக்கூட நிறத்துக்குப் படிகள் கூடும்)? வானம் பிஎன்ஜி படமா, ஈஎக்ஸ்ஆர் படமா, உள்ளேயே போட்டதா? பட்டை வியூவர்லயா, ரெண்டர்லயா?

கிரேடு_மணி: மானிட்டர்தான். 6 பிட் பேனல்ல எந்த கிரேடியன்ட்டும் இப்படித்தான்.

காம்ப்_கணேஷ்: டிக் போட்டாதானே வருதுங்கறார்? மானிட்டர் அப்படி மாறாது ப்ரோ.

பழையகை: இதெல்லாம் அரிச்சுவடி. கேட்பதற்குமுன் ப்ராஜெக்ட் செட்டிங்ஸைத் திறந்து பார்க்க வேண்டாமா? 8 பிட்டில் லீனியர் போடவே கூடாது. பூஜ்யத்துக்கு அடுத்த படி 1/255. அதை எஸ்ஆர்ஜிபிக்கு (மானிட்டர் காட்டும் வழக்கமான 0–255 அளவுக்கு) திருப்பினால் 13, அதற்கடுத்தது 22. நடுவில் எதுவும் கிடையாது; இருண்ட வானம் முழுக்க அந்த இடைவெளியில்தான் கிடக்கிறது. ப்ராஜெக்ட் பேனல் அடியில் இருக்கும் பிட் எண்ணை ஆல்ட் அழுத்திக் கிளிக் செய்தால் 16, 32 என்று மாறும். ஃபேட் வெளுப்பது கோளாறு இல்லை. லீனியரில் கறுப்பின்மேல் 50% வெள்ளை 128 ஆகாது, 188 ஆகும். கர்வ் எடிட்டரில் சரிசெய்யுங்கள்.

கிரேடு_மணி: 16 போதும். 32 வெச்சா 1080 ஃபிரேம் ஒண்ணுக்கே 33 எம்பி, 8 பிட்ல 8 எம்பிதான். ரேம் காலி.

பழையகை: 16-இல் 1.0-க்கு (முழு வெள்ளைக்கு) மேல் எல்லாம் வெட்டுப்படும். நிலாவின் குளோ தட்டையாகிவிடும்.

கிரேடு_மணி: அவர் கேட்டது பட்டையைப் பத்தி சார், குளோவை இல்ல. 16 பிட்ல முதல் படி எஸ்ஆர்ஜிபில சுமார் 0.1 தான் நகரும்.

காம்ப்_கணேஷ்: ரெண்டு பேர் சொல்றதும் சரிதான். குளோ இருக்கறதால என் ஓட்டு 32-க்கு. ஆனா எஃபெக்ட் கன்ட்ரோல்ஸ்ல மஞ்சள் முக்கோணம் தெரியுதா பாருங்க. தெரிஞ்சா அந்த எஃபெக்ட் ப்ராஜெக்டைவிடக் குறைஞ்ச பிட்ல ஓடுது. ஒண்ணு இருந்தாலும் பட்டை திரும்ப வரும்.

தூரிகை22: 8-தான் இருந்துச்சு. 32 வெச்சேன், ஒரு பழைய ப்ளக்இன்ல முக்கோணம், அதைத் தூக்கிட்டேன். வியூவர்ல சுத்தமா இருக்கு. ரெண்டர் பண்ண எச்.264 வீடியோல மட்டும் லேசா பட்டை.

காம்ப்_கணேஷ்: அது 8 பிட் ஃபைல். எல்லாத்துக்கும் மேல ஒரு அட்ஜஸ்ட்மென்ட் லேயர் (கீழ இருக்கற எல்லாத்துக்கும் எஃபெக்ட் போடறது), அதுல நாய்ஸ் (பட்டையை மறைக்கற பொடிப் புள்ளி) 1%, கலர் நாய்ஸ் ஆஃப். பிட்ரேட்டையும் ஏத்துங்க, இல்லன்னா கம்ப்ரஷன் அந்த நாய்ஸைத் தின்னுடும். வாங்கறவங்க ஒத்துக்கிட்டா ப்ரோரெஸ் 422 எச்க்யூ வீடியோவா கொடுங்க, அது 10 பிட்.